கேரட் பொரியலுக்குப் பதில் சாஸ்

செவ்வாய்க்கிழமை

விடுதியில் மூன்று வாரமாகக் கேரட் பொரியல் இல்லை, தினமும் தக்காளி சாஸ்தான். அங்கே சமைக்கும் செல்வி எங்கள் பத்திரிகை ஆபீசுக்குப் போன் செய்து என்னிடம் சொன்னார். இன்று நேரில் போய் ஸ்டோர் ரூமில் பாட்டில்களைப் பார்த்தேன்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதி. வார்டனிடம் காரணம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினார்.

"எழுதினதே நீங்கதானே சார்? நீங்களே வந்து கேக்குறீங்களே!"

கண்ணாடிச் சட்டத்துக்குள் என் பெயரோடு பழைய கட்டுரை. 'கேரட்டை மிஞ்சும் தக்காளி சாஸ்.'

அது சாஸ் கம்பெனி கொடுத்த குறிப்பு. சாஸில் தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் என்ற சத்து அதிகம் என்றது. அது உண்மைதான். ஆனால் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ வேகவைத்த கேரட்டில்தான் மிக அதிகம். சாஸில் உப்பும் சர்க்கரையும் வேறு. குறிப்பில் இவை இல்லை. நானும் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. பிரஸ் மீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, அதை அப்படியே செய்தியாக்கிக் கொடுத்தேன்.

வாசல்வரை செல்வி வந்தார்.

"கேரட் நறுக்க ரெண்டு ஆள் வேணும். பாட்டில் மூடியத் திறக்க நான் ஒருத்தி போதும். அதான் சார் உங்க பேப்பர மாட்டி வச்சிருக்காங்க. என் பொண்ணும் இங்கதான் சாப்பிடுது."



மாலையே அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் எழுதிப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பினேன். "இத்தன வருஷம் கழிச்சு எதுக்குங்க இது?" என்றார். போடுவதா வேண்டாமா என்று வியாழக்கிழமை சொல்வாராம். அதுவரை செல்வி மகளின் தட்டில் சாஸ், சுவரில் என் பெயர்.