சின்னக் கண்ணாடி

என் மேசையில் ஒரு பழைய டென்னிஸ் பந்து கிடக்கிறது. ஒரு பக்கம் கத்தியால் கீறியது. கையில் எடுத்து அழுத்தினால் கீறல் வாய் திறக்கிறது. உள்ளே இருந்து கிரீஸ் வாசனை வருகிறது. போன வாரம் இதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் வாசனை நிற்கிறது. கழுவிப் போக்கிவிட வேண்டும் என்ற அவசரமும் எனக்கில்லை.

இந்த ஊரில் டிரெய்லர் இழுக்கிற வண்டிகளின் பின்புறத்தில் ஓர் இரும்பு உருண்டை நீட்டிக்கொண்டிருக்கும். டோபால் என்பார்கள். அதில் பூசிய கிரீஸ் வருகிறவர் போகிறவர் கால்சட்டையில் ஒட்டாமலிருக்க, பழைய டென்னிஸ் பந்தைக் கீறி மேலே மாட்டிவிடுவார்கள். உங்கள் வண்டியில் இருந்தது இது. கீறியது நான். உங்கள் கை அப்போது கத்தி பிடிக்கிற நிலையில் இல்லை. "நேராக் கீறும் ஐசே, தேங்காய் உடைக்கிற மாதிரிக் கொத்தாதையும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

உங்களை முதலில் பார்த்தது ஊரின் மேற்கே ஹென்டர்சனில், பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில். வண்டிகளைப் பற்றி எழுதுவது என் பிழைப்பு. கட்டட வேலை, மண் வேலை செய்கிறவர்கள் உண்மையில் எந்த யூட்டை நம்புகிறார்கள் என்று கேட்டு எழுத வந்திருந்தேன். பிக்கப் வண்டியை இங்கே யூட் என்றால்தான் புரியும். நீங்கள் ஒரு சின்ன டிகரை, மண் தோண்டும் இயந்திரத்தை, டிரெய்லரில் ஏற்றிச் சங்கிலி போட்டபடி, தோளில் இடுக்கிய போனில் யாரையோ தமிழில் திட்டிக்கொண்டிருந்தீர்கள். முடியும்வரை நின்றேன். திரும்பிப் பார்த்து, "நீர் இந்தியாவோ?" என்றீர்கள். அதுவரை என்னை யாரும் 'நீர்' என்றதில்லை. எங்கள் பக்கம் அது ராஜா வேஷம் கட்டியவர் மேடையில் சொல்கிற சொல். சிரித்துவிட்டேன்.

"என்ன ஐசே சிரிப்பு? மரியாதையாத்தானே கதைக்கிறன்."

அன்றிலிருந்து சோதனைக்கு எந்தப் பெரிய வண்டி வந்தாலும் உங்களிடம் கொண்டுவந்தேன். இழுவைத் திறன் என்று கம்பெனி ஓர் எண் அச்சடித்துக் கொடுக்கும். அது நமக்குப் போதாது. உங்கள் டிகரை மாட்டி, தெற்கு மோட்டார்வேயில் பாம்பே ஹில்ஸ் மேடுவரை இழுத்துப் போய்த் திரும்புவோம். "உங்கட பம்பாய்க்குப் போவமோ?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பீர்கள். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் தோன்றியதுபோலச் சிரிப்பீர்கள். ஏறும்போது நான் ஓட்டுவேன், இறங்கும்போது நீங்கள். எனக்கு எஞ்சின் முக்கியம். பாரத்தோடு மேட்டில் மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பேன். உங்களுக்கு பிரேக் முக்கியம். இறக்கத்தில் டிரெய்லர் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறதா, வாலாட்டுகிறதா என்று பார்ப்பீர்கள். நாம் ஒத்துப்போன நாள் குறைவு. என் கட்டுரை வந்ததும் போன் வரும்: "எல்லாம் வடிவா எழுதியிருக்கிறீர். ஓட்டினவர் வேறை ஆரோ போலை கிடக்கு."

ஒரு நாள் அந்த மேட்டின் உச்சியில், இறங்குவதற்கு முன், ஓரமாக நிறுத்தி வழக்கம்போல இறங்கி உங்கள் பக்கம் வந்தேன். நீங்கள் இடம் மாறவில்லை. "இண்டைக்கு நீரே ஓட்டும்" என்றீர்கள். பிறகு முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். மோட்டார் நியூரான் நோய். மூளை சொல்வதைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும். நிறுத்துவதற்கு மருந்து கிடையாது. "பேரிலையே மோட்டார் இருக்கு. உம்மடை ஆள்தான்" என்றீர்கள். நம்மைத் தாண்டிப் போன லாரிகளின் காற்றில் வண்டி ஆடியது.

"ஒண்டு சொல்லிறன் கேளும். இனி வந்து எப்பிடி இருக்கிறீர் எண்டு கேக்காதையும். வாகனம் எப்பிடி இருக்கு எண்டு சொல்லும். எனக்கு அது காணும்."

உங்கள் பழைய யூட் கிளச் மிதித்து கியர் மாற்றுகிற வண்டி. இடது கால் கிளச்சில் நிற்க மறுத்தது. ஆட்டோமேட்டிக் ஒன்று வாங்கியாக வேண்டும். வாங்கினால் இன்னும் கொஞ்ச காலம் டிகரை நீங்களே இழுத்துப் போய் வேலை செய்யலாம். உங்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நானும் அதற்காகத்தான் இரண்டு வண்டிகளை எதிரெதிரே வைத்தேன். ஒன்று இங்கே எல்லா வாசலிலும் நிற்கிற அளவில், ஜப்பான் கம்பெனியுடையது. உங்கள் டிகரும் டிரெய்லரும் சேர்ந்தால் அதன் எல்லையான மூன்றரை டன்னைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மற்றது அமெரிக்காவில் செய்த பெரியது; அதே பாரத்தை இழுத்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கும். பத்திரிகைக்கு எழுதும்போது, தினமும் இவ்வளவு பாரம் இழுப்பவருக்குப் பெரியதே நல்லது என்றேன். உங்களிடம் வேறு சொன்னேன்.

"சின்னது டீலர் யார்டுல நிக்குது. பேசாம இன்னிக்கே எடுங்க, நாளைக்கு ஓட்டலாம்."

"மற்றது எப்ப வரும்?"

"கப்பல்ல வரணும். வந்து ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாத்தணும். மாசக்கணக்காகுங்க."

"அப்ப அதுதான்."

கோபம் வந்தது எனக்கு. டீ கொண்டுவந்த உங்கள் மனைவி சுகந்தியிடம் முறையிட்டேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் போனபிறகுதான் சொன்னீர்கள்: "வரப்போற சாமான் ஒண்டு இருக்கிற வீட்டிலை இருந்து ஆள் போகேலாது ஐசே."

பெரியதற்குச் சொல்லிவைக்க அங்கேயே போனை எடுத்தேன்.

பெரியதற்குச் சொல்லிவைத்த பிறகும் ஒப்பிடுவதை நீங்கள் நிறுத்தவில்லை. "அதான் சொல்லியாச்சே, இன்னும் எதுக்கு?" என்றேன். "கலியாணம் முடிஞ்சாப் பிறகும் மற்றப் பொம்பிளை எப்பிடி இருக்கிறா எண்டு விசாரிக்கிறேல்லையோ?" என்றீர்கள். உள்ளே இருந்து சுகந்தி குரல் கொடுத்தார்: "விசாரியுங்கோ, விசாரியுங்கோ. எனக்கும் மற்ற மாப்பிள்ளையின்ரை விலாசம் ஞாபகம் இருக்கு."

ஆனால் கேள்விகள் மாறின. பிரேக்கையும் எஞ்சினையும் விட்டுவிட்டீர்கள். ஹேண்ட்பிரேக் எதில் லீவர், எதில் பட்டன் என்று கேட்டீர்கள். போய்ப் பார்த்துவந்து சொன்னேன். பிறகொரு நாள், கதவைத் திறக்கக் கைப்பிடியை எவ்வளவு இழுக்கவேண்டும் என்றீர்கள். விரல் வலிமை குறைந்தவரால் சீட் பெல்ட்டை மாட்ட முடியுமா என்றீர்கள். அதற்கடுத்து, ஏறும் படியின் உயரம். ஒவ்வொன்றையும் சோதித்து, வேறெதையும் கேட்காமல், பதிலைக் கொண்டுவந்தேன். நீங்கள் விதித்த விதியை நீங்களே மீறிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் உடம்பு எந்த அளவில் இருக்கிறது என்று உங்கள் கேள்விதான் எனக்குச் சொல்லிற்று. படி உயரம் கேட்ட அன்று வீடு திரும்பும்போது மோட்டார்வேயில் பிரிய வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கடைசியாகக் கேட்டது இது: "இடப்பக்கம் பக்கத்து சீட்டிலை இருந்து பாத்தா, பின்னாலை டிரெய்லர் தெரியுமோ?"

ஓட்டப்போவது நீங்கள் இல்லை என்று அன்று இருவருக்கும் தெரிந்தது. சின்ன வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன், தெரியவில்லை. பெரியதில் பக்கக் கண்ணாடிக்கு அடியில் இன்னொரு சின்னக் கண்ணாடி உண்டு. அதைத் தனியாகத் திருப்பலாம். திருப்பினால் தெரிகிறது என்று வந்து சொன்னேன். "பாத்தீரோ? பெரிசுதான் சரி" என்றீர்கள்.

வண்டி வந்தது. நீங்கள் சொன்னபடியே, வந்த அன்று இருந்தீர்கள். சக்கர நாற்காலியில், வாசலில், மடியில் போர்வையோடு. நோயிடம் நாட்களைக் கேட்டு வாங்கியிருந்தீர்கள். கைகளைக் கேட்க மறந்துவிட்டீர்கள். சுகந்தி அதற்குள் டிகரை விற்றிருந்தார். மனுகாவ் பக்கம் ஒருவர் வாங்கியிருந்தார். உங்கள் புது வண்டி இழுத்த முதல் பாரம், டிகரை அவரிடம் கொண்டுபோய் விடுவது.

படி உயரம்தான். வண்டியைத் தெருவில் இறக்கி நிறுத்தி, நாற்காலியை நடைபாதை மேட்டில் வைத்ததில் கொஞ்சம் உயரம் மிச்சமாயிற்று. உங்களைக் கவனிக்க வரும் நர்ஸ் கொடுத்த பட்டையை இடுப்பில் கட்டி நானும் சுகந்தியும் தூக்கினோம். "மெல்ல ஐசே. டிகர் ஏத்திற மாதிரி ஏத்திறீர். சங்கிலியும் கொண்டு வந்தனீரோ?" என்றீர்கள். சுகந்தி சிரித்தார், சிரித்தபடியே பின்சீட்டில் ஏறி முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். நான் சுற்றிப் போய், சின்னக் கண்ணாடியை உங்கள் பக்கம் திருப்பினேன். "இன்னும் கொஞ்சம். ஆ, காணும்." மனுகாவ் வரை நீங்கள் முன்னால் பார்க்கவேயில்லை.

அங்கே வாங்கியவர் பலகையைச் சாய்த்து டிகரை இறக்கினார். கொஞ்சம் கோணலாக இறக்கினார். "நேரா எடுக்கச் சொல்லும்!" என்று கத்தினீர்கள். உங்கள் குரல் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டிப் போகவில்லை. நான் இறங்கி ஓடுவதற்குள் டிகர் தரையில் நின்றது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது.

திரும்பும்போது டிரெய்லர் காலி. ரோட்டில் ஒவ்வொரு ஒட்டுக்கும் துள்ளித் துள்ளி இரைந்தது. பாதி வழியில் சொன்னீர்கள்: "கேட்டீரோ? பாரம் இருக்கேக்கை இது வாயே திறக்கேல்லை."

அடுத்த குளிர்காலம் முடியும்வரை நீங்கள் இருக்கவில்லை. வரவேண்டிய சாமான் எதுவும் வீட்டில் பாக்கியில்லை.

போன மாதம் சுகந்தி கூப்பிட்டார். "அண்ணா, வாகனத்தை விக்கப் போறன். விளம்பரம் நீங்கள்தான் எழுதித் தரவேணும். வாசல்லை நிக்கிறதைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது." எத்தனையோ வண்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். இது வரவில்லை. உள்ளதை மட்டும் எழுதினேன்: புதியது போன்றது, ஒரே ஒருமுறை பாரம் இழுத்தது.

வாங்க வந்தவர் கட்டட வேலை செய்யும் இளைஞர், நல்ல மாதிரி. "இழுத்தது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஒரு டிகர். மனுகாவ் வரைக்கும்" என்றேன். "அவ்வளவுதானா?" என்று சந்தோஷப்பட்டார். கதவை ஒரு விரலால் திறந்தார். படியில் கால் வைத்தாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை, உள்ளே இருந்தார். பிறகு இறங்கி வண்டியைச் சுற்றி வந்தவர் இடப்பக்கம் நின்றார்.

"இதை யாரோ இடிச்சிருக்காங்க போல" என்றார். சின்னக் கண்ணாடி அதுவரை உங்கள் பக்கமே திரும்பி இருந்திருக்கிறது. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி நேராக்கினார். ஒரு நொடி வேலை. சுகந்தி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனவர், வண்டி தெருவைத் தாண்டும்வரை வெளியே வரவில்லை. புறப்படும் முன் அந்த இளைஞர், நண்பரின் வண்டியில் இழுத்துவந்திருந்த தன் டிரெய்லரை மாட்டுவதற்காக டென்னிஸ் பந்தைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையில் கொடுத்தார்.

இந்த வாரமும் ஒரு வண்டி சோதனைக்கு வந்து என் வீட்டு வாசலில் நிற்கிறது. கைப்பிடி எவ்வளவு இறுக்கம், படி எவ்வளவு உயரம் என்று இப்போதும் பார்க்கிறேன். கட்டுரையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுகிறார். இதெல்லாம் யார் கேட்டார்கள் என்கிறார். காலையில் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். சின்னக் கண்ணாடி இதிலும் இருக்கிறது. ஜன்னலை இறக்கி, கை நீட்டி, என் பக்கம் திருப்பினேன். நனைந்த தெரு தெரிந்தது, அதன் முடிவுவரை.

வாகனம் நல்லா இருக்கு, ஐசே. பின்னாலைதான் ஒண்டும் இல்லை.