வீட்டுப் படத்துக்குக் கலர் அடிக்கையில்

கனிஷ்கா அப்பா,

நீங்களும் புள்ளையும் தூங்குறீங்க, எழுப்பல. மொளகா பறிக்கப் போறேன். கருவாட்டுக் குழம்பு இருக்கு. புள்ளைக்குத் தயிர் ஊத்துங்க.

அவகிட்ட செல்லைக் குடுக்காதீங்க. பால்வாடி டீச்சர் குடுத்த வீட்டுப் படத்துக்கு அவகூட உக்காந்து கலர் அடிங்க. அடிக்க அடிக்க கதவு, ஓடு, மரம்னு பேர் சொல்லணுமாம். அப்பத்தான் பேச்சு வருமாம்.

நாலு வயசாகப் போகுது, ஒரு வார்த்தை பேசலையேன்னு நான் கும்பிடாத சாமியில்ல. நேத்து பேசிட்டா. நீங்க எங்கிட்ட கத்திட்டுப் போனதும், படத்துல வாசல்ல நிக்கிற பொம்பளைக்குச் சிவப்பு அடிச்சுக்கிட்டே, "வெளிய போடி"ன்னா. உங்களை மாதிரியே விரல நீட்டிச் சொன்னா. நான் சந்தோஷப்படவா, அழவா?

வெளிய போனா சாவிய பிச்சையக்காகிட்ட குடுங்க.

இன்னொண்ணு, கெஞ்சிக் கேக்குறேன். அதே பொம்பளையக் காட்டி "வா"ன்னு சொல்லிக் குடுங்க. சாயங்காலம் நான் வாசல்ல வந்து நிப்பேன்.