கோர்ட்டுக்குத் தமிழ் தெரியாது

2004 மார்ச் 9, செவ்வாய்

ஆஃபீஸ் மைக்ரோவேவில் மீன்குழம்பைச் சூடு பண்ணி, மாடி முழுக்க எதிரி சம்பாதித்தேன். அதற்குத்தான் மேனேஜர் கூப்பிடுகிறார் என்று போனால், விஷயம் வேறு. ஆகஸ்டில் எங்கள் டீம் மொத்தமும் கலிஃபோர்னியா சான் ரமோனிலிருந்து டெக்சஸ் இர்விங்குக்கு மாறுகிறது. வராதவர்களுக்கு வேலை இல்லை. எனக்கு வேலை போனால் பாதியில் நிற்கிற கிரீன் கார்டும் போச்சு, நாட்டை விட்டே கிளம்ப வேண்டியதுதான்.

இர்விங்கில் சுஃபியான் அண்ணன் இருக்கிறார். அது அல்லாஹ் போட்டுக் கொடுத்த வழி. ஆனால் ஃபைஹா? எட்டு வயதுப் பிள்ளை. எனக்கும் அவள் அத்தா குத்புதீனுக்கும் விவாகரத்தாகி இரண்டு வருடமாக என்னோடு இருக்கிறாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி ஞாயிறு மட்டும் சான் ஹோசேயில் தகப்பனோடு. அவர் விடுவாரா?

மார்ச் 14

விடமாட்டாராம். "நீ போ. பிள்ளை இங்க இருக்கட்டும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார் குத்புதீன். பிள்ளை என்ன சோஃபாவா, விட்டுவிட்டுப் போக?

ஏப்ரல் 6

அவர் கோர்ட்டில் ஆட்சேபம் போட்டுவிட்டார். நானும் ஒரு வக்கீலைப் பிடித்தேன். வெள்ளைக்கார அம்மா, பேச்சில் கறார். லாயரம்மா என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். பயப்படாதே என்றார். பிள்ளை யாரிடம் வளர்கிறதோ அவருக்கு ஊர் மாற உரிமை உண்டு, தடுக்கிறவர்தான் பலமான காரணம் காட்ட வேண்டும், அது சுலபமில்லை என்றார். ரொம்ப நாளுக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

மே 3, திங்கள்

எல்லாம் தலைகீழ். போன வாரம் மாநில சுப்ரீம் கோர்ட் புதுசாக ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறதாம், வேறு ஏதோ ஒரு குடும்பத்தின் வழக்கில். இனிமேல் உரிமை மட்டும் போதாது. ஊர் மாறினால் பிள்ளைக்கும் தகப்பனுக்கும் உள்ள உறவு என்னாகும் என்று ஜட்ஜ் பார்க்கலாம். தாய் இதுவரை அந்த உறவை வளர்த்தாளா, வெட்டினாளா என்றும் பார்க்கலாம்.

யாரோ ரெண்டு பேர் எங்கேயோ சண்டை போட்டா, அதுல என் பிள்ளை ஏன் மாட்டணும்? சட்டம் அப்படித்தான் என்கிறார் லாயரம்மா. கோர்ட் நியமித்த நிபுணர் ஒருவர் ஃபைஹாவிடம் தனியாகப் பேசுவாராம்.

மே 9

அன்னையர் தினம். ஃபைஹா கார்டு வரைந்து கொடுத்தாள், எனக்கு மூக்கு மட்டும் பெரிசு. மதுரைக்கு போன் போட்டு ஆஃபீஃபா அக்காவிடம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தேன். வேறு யாரிடம் கொட்ட? ஃபைஹா பக்கத்தில்தான் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்ன புரியும்? வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான்.

மே 19

நிபுணரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, என்ன கேட்டார்கள் என்று காரில் கேட்டேன். அத்தாவைப் பற்றி அம்மா என்ன சொல்வாள் என்று கேட்டாராம். இவள் சொல்லிவிட்டாளாம். கஞ்சன், மண்டைக்கனம், லீவு நாளில் சோஃபாவை விட்டு எழுந்திருக்காத ஆள் — ஆஃபீஃபா அக்காவிடம் போனில் நான் சொன்ன அத்தனையும், இங்கிலீஷில்.

"நான் தமிழ்லதானேம்மா பேசினேன்?"

"அம்மா, ஐ நோ தமிழ்."

இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தாண்டிப் போய்விட்டேன்.

மே 20

எம்பிள்ளைய என் வாயாலயே தொலைச்சுட்டேனா? யா அல்லாஹ்.

ஜூன் 11, வெள்ளி

தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

மார்ட்டினெஸ் ஊர் கோர்ட் வராந்தாவில் காத்திருந்தேன். குத்புதீன் நேராக என்னிடம் வந்தார். நிபுணரின் அறிக்கையை அவர் வக்கீல் வாசித்துக் காட்டினாராம்.

"நான் கஞ்சனாமே" என்றார். நான் கைப்பையைத் திறந்து மூடினேன்.

"இன்னொன்னும் பிள்ளை சொல்லியிருக்கு. இவருக்குப் புருஷனா இருக்கத் தெரியல, ஆனா ஃபைஹாவுக்கு இவரை மாதிரி அத்தா கிடைக்கமாட்டாரு, காய்ச்சல்னா விடிய விடிய உக்காந்திருப்பாருன்னு உங்க அக்காகிட்ட சொன்னியாமே?"

எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. "சொல்லியிருப்பேன். நெசந்தானே?"

"கேஸுக்காகச் சொல்லலையே?"

"கோர்ட்டுக்குத் தமிழ் தெரியாதுங்க."

சிரித்துவிட்டார். இரண்டு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, அவள் போய்விட்டால் தன் முகமே மறந்துவிடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை என்றார். எனக்கும் அழுகை வந்தது. மறக்க விடமாட்டேன் என்றேன். இரண்டு வக்கீல்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார்கள்: கோடை லீவும் டிசம்பர் லீவும் அவரிடம், தினமும் போன், நினைத்தபோது அவர் இர்விங் வரலாம். ஜட்ஜ் கையெழுத்துப் போட்டார். ஃபைஹா என்னோடு வருகிறாள்!

பழைய சட்டமே இருந்திருந்தால் சுலபமாக ஜெயித்திருப்பேன். அவர் பயத்தைக் காது கொடுத்துக் கேட்டிருக்கமாட்டேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்திருப்பேன். அந்தத் தீர்ப்பை என்ன திட்டு திட்டினேன்! இன்று மக்ரிப் தொழுகையில் அதை எழுதிய ஜட்ஜுகளுக்கும் சேர்த்து துஆ செய்தேன்.

ஆகஸ்ட் 15

இர்விங். ஏசி ஓடுகிறது, ஆனாலும் வேர்க்கிறது. அண்ணன் வீட்டுக்கு நடந்தே போகலாம்.

டிசம்பர் 18, சனி

ஃபைஹாவுக்குத் தனியாக முதல் விமானப் பயணம். ஏர்லைன் கவுன்டர் பெண், சான் ஹோசேயில் கூட்டிப்போக வருகிறவர் தாமதித்தால் வேறு யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டாள். தாமதிக்கமாட்டார் என்றேன். எல்லாத் தாய்மார்களும் இரண்டாவது நம்பர் ஒன்று தருவார்களே என்றாள். தேவைப்படாது என்றேன்.

ஃபைஹா கையாட்டிவிட்டு உள்ளே போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கழுதை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே போன். குத்புதீன்.

"ஏர்போர்ட் வந்துட்டேன். ஃபிளைட் டயத்துக்குத்தானே?"

"இங்கருந்து இன்னும் கிளம்பவே இல்லீங்க."

"பரவால்ல. நிக்கிறேன்."

ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்து நில்லுங்கள் என்றேன்.