ஒரே ஒரு வசனம்

இயேசு ஒருவரே ஆண்டவர்

கம்மாபுரம் பக்கம்,
8.10.2024

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

நான் நலம். நீயும் ஜெசிப் பாப்பாவும் நலமாக இருக்க நம் ஒரே ஆண்டவரை வேண்டுகிறேன். செல்போனைச் சபையில் ஒப்படைத்துவிட்டேன். இங்கே யாரும் வைத்துக்கொள்வதில்லை. கொளஞ்சிநாதன் தினமும் இந்தப் பக்கமிருந்துதானே நம் பீங்கான் யூனிட்டுக்கு வண்டியில் வருகிறான், அவனிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

சொல்லாமல் வந்ததில் உனக்குக் கோபம் இருக்கும். சொல்லியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு இந்த ஊர்க்காரர்கள் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளில் சபைக் குடும்பங்களோடு நானும் இருக்கிறேன். கதவு ஜன்னலை எல்லாம் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், சாக்குதான் தொங்குகிறது. எந்நேரமும் சுரங்க இயந்திரத்தின் சத்தம். ஆனாலும் மனசு நிம்மதியாக இருக்கிறது.

இந்தச் சபையை நடத்தும் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் முன்பு நம் கத்தோலிக்கக் கோயிலில் உபதேசியாராக இருந்தவர். என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரச் சொல்லி ஒனக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்களே, அப்போஸ்தலருங்கள்ல யாருப்பா அப்படிக் குடுத்தாங்க?" தேடிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அப்படியென்றால் நாம் வாங்கியது ஞானஸ்நானமே இல்லை. பாப்பா வாங்கியதும் இல்லை.

நான் இன்னும் புது ஞானஸ்நானத்துக்கு முழுகவில்லை. குடும்பமாக முழுகுவதுதான் முறையாம். நம் யூனிட்டுக்குக் களிமண் வெட்டிய பழைய குழி பக்கத்தில்தான் இருக்கிறது. இப்போது முழங்கால் அளவுதான் தண்ணீர். மழை பெய்து மார்பு வரைக்கும் ஏறியதும் அண்ணன் நாள் குறிப்பார். நீயும் வா. வராவிட்டால் பாப்பாவையாவது அனுப்பு. ஒரே பெயரில் முழுகி எழுந்தால் அவளுக்கு வலிப்பு நின்றுவிடும், மாத்திரையே வேண்டாம் என்றார் அண்ணன்.

உன்
பிரின்ஸ்


இயேசு மரி சூசை துணை

விருத்தாசலம்,
11.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுத எனக்கும் ஆசைதான். சாமான் வாங்கப் போகிறவர் மாதிரி பையை எடுத்துக்கொண்டு போனீர்கள். நானும் நம்பி, வெங்காயம் வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். வெங்காயத்துக்குப் பதில் இப்போது வேதம் வந்திருக்கிறது.

சூப்பர்வைசர் குருமூர்த்தி தினமும் நான் கப்புக்குக் கிளேஸ் பூசும் டேபிளுக்கு வந்து நிற்கிறார். "எங்கம்மா உன் வூட்டுக்காரு? வேற ஆள வச்சுச் சூளை ஏத்துனா கப்பெல்லாம் கோணிக்கினு வருது" என்கிறார். காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்குத்தான் காய்ச்சல் அடிக்கும்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவளிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் திருமுழுக்குக் கொடுங்கள் என்று சொன்னவர் இயேசு. மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. அவர் வாயால் சொன்னதைவிட உங்கள் அண்ணன் சொல்வது பெரிதா?

மாமா, பாப்பா விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். போன மாதம் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதானே அவளுக்கு வலிப்பு வந்தது. ஈரத்தோடு தூக்கிக்கொண்டு ஓடியது நீங்கள். வாளித் தண்ணீர் பக்கம்கூடத் தனியாக விடாதே என்று டாக்டர் சொன்னதைக் கேட்டதும் நீங்கள். இவளையா குழியில் இறக்கச் சொல்கிறீர்கள்? அந்தக் களிமண் கரையில் கால் வைத்தால் நிற்காது, நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நீங்கள் பிள்ளையின் காலை விடப் பார்க்கிறீர்கள். நான் அனுப்ப மாட்டேன்.

வீட்டுக்கு வாருங்கள். திட்ட மாட்டேன். கொஞ்சமாகத்தான் திட்டுவேன்.

உங்கள்
ஃப்ளோரா


இயேசு ஒருவரே ஆண்டவர்

20.10.2024

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

உன் கடிதத்தை அண்ணனிடம் காட்டினேன். இங்கே ஒருவருக்கு வரும் கடிதத்தை எல்லோரும் படிப்பது வழக்கம். வெங்காயம் என்ற இடத்தில் அவரும் சிரித்தார்.

நான் என் அம்மாவுக்கு மகன், உனக்குப் புருஷன், பாப்பாவுக்கு அப்பன். அதனால் நான் மூன்று ஆளாகிவிடுவேனா? பிதா, சுதன், ஆவி எல்லாம் ஒருவரைக் கூப்பிடும் முறைகள். பெயர் இயேசுதான். மத்தேயுவில் கேட்டதை அப்போஸ்தலர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் பார். இரண்டாம் அதிகாரம், எட்டு, பத்து, பத்தொன்பது. எல்லா இடத்திலும் இயேசுவின் பெயரால் மட்டுமே கொடுத்திருக்கிறார்கள். திரித்துவம் என்ற வார்த்தை வேதத்தில் எங்கேயாவது இருக்கிறதா?

வீணாக நமக்குள் வாக்குவாதம் எதற்கு? மூவரும் ஒன்று என்று சொல்லும் ஒரே ஒரு வசனம் காட்டு. விளக்கம் வேண்டாம், வசனம் போதும். காட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சபையையும் விட்டுவிடுகிறேன். இல்லையென்றால் நீ பாப்பாவை அனுப்ப வேண்டும். ஆண்டவர் மேல் ஆணையாக நான் வாக்குக் கொடுக்கிறேன். நீயும் கொடு.

இரண்டு நாளாக நல்ல மழை. குழியில் தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது.

பிரின்ஸ்


இயேசு மரி சூசை துணை

விருத்தாசலம்,
24.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பையைக் கட்டுங்கள்! வசனம் கிடைத்துவிட்டது.

எதிர்வீட்டு விமலாராணி டீச்சர் லுத்தரன் சபை, உங்களுக்குத்தான் தெரியுமே. உங்கள் கடிதத்தைப் பற்றி அவங்களிடம் புலம்பினேன். "இதுக்கா அழுவுற?" என்று உள்ளே போய் அவங்க அப்பாவுடைய பழைய பைபிளை எடுத்து வந்தாங்க. யோவான் எழுதிய முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனம். பரலோகத்தில் சாட்சி சொல்கிறவர்கள் மூவர். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி. இந்த மூவரும் ஒன்று. பச்சையாக அச்சடித்திருக்கிறது மாமா. நான் விரலை வைத்து இரண்டு முறை படித்தேன்.

வாக்குத்தானே கேட்டீர்கள்? தந்தேன். ஆண்டவர் மேல் ஆணை. வசனம் கையில் இருக்கும்போது எனக்கென்ன பயம்? உங்கள் அண்ணனிடமும் தாராளமாகக் காட்டுங்கள்.

சனிக்கிழமை கடலூர் மீன் வரும், வாங்கி வைக்கிறேன். பாப்பாவிடம் அப்பா வருகிறார் என்று சொல்லிவிட்டேன். பல் விழுந்ததை உங்களிடம் காட்ட வேண்டுமாம், யாரையும் தொடவிடாமல் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

உங்கள்
ஃப்ளோரா


இயேசு ஒருவரே ஆண்டவர்

4.11.2024

ஃப்ளோராவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பையைக் கட்டினேன். இதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும்.

சொல்லாமல் ஓடிவருவது அழகில்லை என்று எல்லோர் முன்னாலும் எழுந்து அந்த வசனத்தைச் சொன்னேன். அண்ணன் கோபப்படவில்லை. "கல்யாணத்துக்கு ஒன் பொண்டாட்டி வூட்ல குடுத்த பைபிளு பையில இருக்குதுல்ல? அத எடுத்துப் படிப்பா" என்றார். எடுத்தேன். நம் கத்தோலிக்க பைபிள், முதல் பக்கத்தில் உன் கையெழுத்து. ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தில் பிதாவும் இல்லை, வார்த்தையும் இல்லை. சாட்சி மூன்று என்று இருக்கிறது. அடுத்த வசனத்தில் அந்த மூன்று எவை என்று இருக்கிறது: ஆவி, நீர், இரத்தம்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் நீ காட்டிய வரியே இல்லையாம். மூவர் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று பிற்காலத்தில் யாரோ உள்ளே சேர்த்ததாம். அண்ணன் இதை மெதுவாக, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இல்லாத வசனத்தைக் கொடுத்து என்னைச் சபை நடுவில் நிற்கவைத்துவிட்டாய்.

இனி எனக்குச் சந்தேகம் இல்லை. குழியில் மார்பளவு தண்ணீர். வருகிற பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று அண்ணன் நாள் குறித்துவிட்டார். நீ ஆண்டவர் மேல் வாக்குக் கொடுத்திருக்கிறாய். பாப்பாவை அனுப்பு.

பிரின்ஸ்


இயேசு மரி சூசை துணை

விருத்தாசலம்,
8.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தைப் படித்ததும் பங்குச் சாமியாரிடம் ஓடினேன். "ஆமாம்மா, அந்த வரி பழைய பிரதிங்கள்ல இல்ல. அதனாலதான் நம்ம பைபிள்ல போடல. ஆனா திரித்துவம் அந்த ஒரு வரிய நம்பி நிக்கலம்மா" என்றார். எனக்குத் தெரியாது மாமா. உங்களை ஏமாற்றவில்லை. அவசரப்பட்டுவிட்டேன். அந்த வசனத்தில் உங்கள் அண்ணன் சொன்னது சரி. திரித்துவம் என்ற சொல்லும் வேதத்தில் இல்லைதான்.

ஆனால் யோர்தானில் மகன் தண்ணீரில் நிற்கிறார், ஆவி புறாவாக இறங்குகிறார், தந்தையின் குரல் வானத்திலிருந்து கேட்கிறது. கெத்சமனியில் "என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படி" என்று இயேசு குப்புற விழுந்து கெஞ்சினார். ஒரே ஆள்தான் என்றால் அவர் யாரிடம் கெஞ்சினார்? இதற்குப் பெரியவர்கள் சொல்லும் விளக்கமெல்லாம் எனக்கு முழுசாக விளங்காது. யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு வேண்டும்.

சரி, வாதம் போதும். நேற்று கொளஞ்சிநாதன் கடிதத்துக்காக நின்றவன் போகாமலே நின்றான். "அக்கா, அந்த எடத்துக்குக் கொழந்தைய அனுப்பாதீங்க. போன வாரம் ஒரு பெரியவர முழுவ வச்சாங்க. ரொம்ப நேரம் எழுப்பல. கரையில படுக்கப் போட்டுப் பாடுனாங்க. அப்புறம்தான் இருமுனாரு" என்றான். நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள்? ஏன் எனக்கு எழுதவில்லை?

பாப்பாவை அனுப்ப மாட்டேன். நீதித்தலைவர்கள் நூலில் இப்தா யோசிக்காமல் வாக்குக் கொடுத்தான். வாக்கைக் காப்பாற்றினான், மகளைப் பறிகொடுத்தான். வாக்குக் கொடுத்தவள் நான், மீறுகிறவளும் நான். அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும்.

நீங்கள் கடவுள் ஒருவர் என்றே நம்புங்கள். சாப்பிடும்போது நான் சிலுவை போடுவேன், நீங்கள் போட வேண்டாம். நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். வந்துவிடுங்கள் மாமா. எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

உங்கள்
ஃப்ளோரா


இயேசு ஒருவரே ஆண்டவர்

14.11.2024

ஃப்ளோராவுக்கு,

இப்தாவைப் பற்றி எழுதியிருந்தாய். அண்ணனிடம் காட்டினேன். ஈசாக்கைப் பற்றிப் படி என்றார். படித்தேன். ஆண்டவர் பலி கேட்டதும் ஆபிரகாம் பிள்ளையைக் கட்டிக் கிடத்தினான், கத்தியை எடுத்தான். வேண்டாம் என்று அந்த நேரத்தில் ஆண்டவரே தடுத்தார். எனக்கும் அப்படித்தான். வேண்டாம் என்றால் அவர் தடுக்கட்டும்.

பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறார். கொஞ்சம் பேச்சுத்தான் வரவில்லை.

இன்று பாப்பாவின் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். குழந்தைகள் தினம் என்று கலர் டிரெஸ் போட்டிருந்தாள். தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். பல் விழுந்த இடத்தைக் காட்டினாள். "தண்ணியில முழுவப் போறோம், பயமா பாப்பா?" என்று கேட்டேன். "நீங்க புடிச்சிக்கினா பயமில்லப்பா" என்றாள்.

எனக்கு வேறு அடையாளம் வேண்டாம். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டே இருந்ததால் இன்று கூட்டி வரவில்லை. ஞாயிறு காலை வீட்டுக்கு வருகிறேன். அண்ணனும் இன்னும் சிலரும் வருகிறார்கள். கதவைத் திறந்து வை.

பிரின்ஸ்


இயேசு மரி சூசை துணை

விருத்தாசலம்,
16.11.2024

மாமாவுக்கு,

கதவு பூட்டியிருக்கும். இதைக் கொளஞ்சிநாதனிடம் கொடுத்துவிட்டு நானும் பாப்பாவும் கிளம்புகிறோம். எங்கே என்று அவனை மிரட்டாதீர்கள், அவனுக்குத் தெரியாது. விமலாராணி டீச்சருக்கும் தெரியாது.

ஆண்டவர் தடுக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஈசாக்குக்கு வானத்திலிருந்து தூதன் வந்தான். என் பிள்ளைக்குத் தூதன் வருவானா என்று நான் குழிக்கரையில் நின்று பார்க்க முடியாது. நேற்று மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். உங்கள் அண்ணன் பெயரை எழுதினேன், உங்கள் பெயரையும் எழுதினேன். "புருஷன் மேலயே குடுக்குறியாம்மா, நல்லா யோசிச்சியா?" என்று அங்கிருந்த இன்ஸ்பெக்டர் மேடம் கேட்டாங்க. "ஆமாங்க மேடம்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக்குக் குழிப் பக்கம் ஆள் அனுப்புவதாகச் சொன்னாங்க. அவங்க வருவதற்குள் நீங்கள் அந்தத் தண்ணீரில் இறங்காமல் இருந்தால் போதும். உங்கள் மேல் எனக்கு ஆசை விட்டுப்போகவில்லை. அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

நீங்கள் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. பாப்பாவை அடித்திருந்தால், திட்டியிருந்தால், உங்களைக் கண்டதும் அவளே ஒளிந்துகொள்வாள். நீங்கள் ஒரு நாளும் கை ஓங்கியதில்லையே. எங்கே கண்டாலும் ஓடிவருவாள். அதுதான் எனக்குப் பயம்.

அதனால் இரண்டு நாளாக அவளை எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். இன்று காலையும் கேட்டேன்.

"அப்பா வந்து கூப்ட்டா என்னா பண்ணணும் பாப்பா?"

"ஓடணும்மா."

"எந்தப் பக்கம் ஓடணும்?"

"அப்பாகிட்ட."

இன்னும் அவளுக்கு வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கிறேன்.

ஃப்ளோரா