வெந்த முட்டை

ஞாயிறு, டிசம்பர் 14

பழைய நடிகைகளின் கூந்தல் ரகசியம் என்று எதிர்வீட்டு சரளா அனுப்பிய வீடியோவைப் பார்த்துச் சிரித்தவள் நான். ஆனால் வகிடு அகன்றுகொண்டே போகிறது. இன்று யாருக்கும் தெரியாமல் இரண்டு முட்டையை அடித்துத் தலையில் பூசினேன். குளிருக்குப் பயந்து கீசர் வெந்நீரை ஊற்றினேன். முட்டை தலையிலேயே வெந்துவிட்டது. அலசியும் போகவில்லை. வேறு வழியில்லாமல் சரளாவைக் கூப்பிட்டேன்.

"இன்னா டீச்சர், தலையிலயே ஆம்லெட் போட்டுட்டீங்க!" என்று சீப்பால் வாரி எடுத்தாள். "அந்த நடிகைங்களுக்கெல்லாம் சவுரி முடிதான். எங்க மேடவாக்கம் அத்தைதான் ஸ்டுடியோவுல கட்டிவிட்டாங்க."

"அப்புறம் எனக்கு ஏன் அனுப்புன?"

"நீங்க படிச்சவங்க, நம்பமாட்டீங்கன்னு நெனச்சேன்."

சூட்டில் புரதம் உறையும் என்று இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். முட்டைத் துணுக்குகளோடு முடியும் கொத்தாக வந்தது. மூன்று முறை ஷாம்பு போட்டும் தலையணை நாறுகிறது. நாளை வகுப்பில் மின்விசிறிக்கு அடியில் நிற்கக் கூடாது.