ஊர் பேர் இல்லாத ஊர்ஹோ

நவம்பர் 3, திங்கள்

ஓலு நகர மக்களுக்கும் மற்றுமுள்ள உலகத்தாருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: எனது இடது கையுறை இன்று காலை பேருந்தில் இயற்கை எய்தியது. துணையை இழந்த வலது கையுறை செய்வதறியாது என் பையில் கிடக்கிறது. மலர்வளையம் வேண்டாம், கம்பளி அனுப்பலாம்.

அடுத்தது, இந்த நோட்டைத் தவிர யாருக்கும் தெரியாத செய்தி. கைசு என்பவர் பல் மருத்துவமனை வரவேற்பு மேசை வேலை போக மிச்ச நேரத்தில், ஆறு வருடமாக, 'குவோவி' என்றொரு கட்டற்ற மென்பொருளை நடத்துகிறார். கணினித் திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்கு வாசித்துக் காட்டும். யார் வேண்டுமானாலும் நிரல் எழுதிச் சேர்க்கலாம். சேர்த்தவர் பெயர் பங்களிப்பாளர் பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலில் நான் இரண்டு முறை இருக்கிறேன்! ஒன்று ஓட்ஸோ, எழுத்துப்பிழை திருத்தியவன். இன்னொன்று ஊர்ஹோ புரோ, அட்டவணைகளை வரிசை தப்பாமல் வாசிக்க வைத்த மேதை. போன வசந்தத்தில் நானே பெற்றுப் பெயர் வைத்த பிள்ளை. ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. ஆனாலும் ஊர்ஹோ.

நவம்பர் 4, செவ்வாய்

நூலகத்தின் கீழ்த்தளத்தில் குவோவி குழுவின் வழக்கமான கூட்டம். கைசு ஏலக்காய் பன் வாங்கி வந்திருந்தார். நல்ல செய்தி என்று அப்போதே தெரிந்தது. நகரத்தின் எல்லா நூலகக் கணினிகளிலும் குவோவியைப் போடப் போகிறார்களாம். ஒரே நிபந்தனை: ஒரு வரி எழுதியவர்கூட, 'இது என் சொந்த எழுத்து, இந்த உரிமத்தின் கீழ் தருகிறேன்' என்று உண்மைப் பெயரில் எழுதித்தர வேண்டும். மாதக் கடைசிக்குள். ஒருவர் விட்டுப்போனாலும் கிடையாது.

"பத்தொம்பது பேர்தானே, முடிச்சிடலாம்," என்றார் கைசு.

எதையும் முதலில் பரிசோதித்துச் சொல்பவர் தோர்ஸ்டி. அவருக்குப் பார்வை கிடையாது, வாய் உண்டு. "பதினெட்டுப் பேர் சரி. அந்த ஊர்ஹோ? ஒரு தடவையாவது இங்க வந்து காபி குடிச்சிருக்கானா? காபிக்கு வராதவன் மனுஷனே இல்ல."

நான் பன்னால் வாயை அடைத்துக்கொண்டேன்.

நவம்பர் 8

பதினெட்டும் வந்துவிட்டன, என்னுடையதும் சேர்த்து. பத்தொன்பதாமவனின் அஞ்சல்பெட்டி என் கைபேசியில்.

நவம்பர் 9, ஞாயிறு

ஊர்ஹோவாக 'சம்மதம்' என்று தட்டினேன். அனுப்பவில்லை. சும்மா ஒரு பெயரை வைத்து ஊரை ஏய்ப்பது ஒன்று. 'என் சொந்த எழுத்து' என்று கையெழுத்துப் போடுவது — அது வேறுதானா? இத்தனை நாள் சிரிப்பாகத்தானே இருந்தது?

ஹில்யாவிடமிருந்து செய்தி: "உயிரோட இருக்கியா?" ஆகஸ்டில் ஸ்வீடன் போகும்வரை வகுப்பில் என் பக்கத்து இருக்கை. பதில் போடவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

கைசு ஊர்ஹோவைத் தேடுகிறார். குஹ்மோ என்ற ஊரில் நிஜமாகவே ஒரு ஊர்ஹோ புரோ இருக்கிறாராம், வயது எண்பதுக்கு மேல். "கம்ப்யூட்டரா? நான் மீன்தாம்மா பிடிக்கிறேன்," என்றாராம். அதன்பிறகு மீனைப் பற்றி முக்கால் மணி நேரம்.

"சரி, அவன் எழுதினத தூக்கிடறோம்," என்றார் கைசு. "அத மட்டும் புதுசா எழுதணும். பழசக் கண்ணால பாக்காதவங்கதான் எழுதலாம். இல்லாட்டி பாத்து எழுதினதா ஆயிடும்."

எல்லாரும் பார்த்திருந்தார்கள். கைசு என் பக்கம் திரும்பினார். "ஓட்ஸோ, நீ எழுத்துப்பிழை மட்டும்தானே பாத்த? அந்தப் பக்கம் போனதில்லையே?"

"இல்ல," என்றேன்.

என்ன வாய்டா இது!

நவம்பர் 13, வியாழன்

பள்ளியில் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். பசியில்லை. எனக்கே பயமாக இருக்கிறது.

நவம்பர் 16

அட்டவணைப் பகுதியைப் புதிதாக எழுதும் வேலை என் தலையில். முட்டிக்கொண்டிருக்கிறேன். பள்ளி உணவுப் பட்டியலைக் கொடுத்தால் "திங்கள் செவ்வாய் புதன் மீன் கஞ்சி கஞ்சி" என்கிறது என் படைப்பு. ஊர்ஹோவின் பகுதியைத் திறந்து பார்த்தால் போதும். பார்க்கக் கூடாது. பார்த்தாலும் எனக்கு — விடு.

நவம்பர் 18, செவ்வாய்

தோர்ஸ்டி என்னுடையதைப் பேருந்து அட்டவணையில் ஓட்டிப் பார்த்தார்.

"டேய், எட்டாம் நம்பர் எட்டு மணிக்கு எட்டுங்குது. இது பஸ்ஸா, வாய்ப்பாடா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். பிறகு அவர் குரல் இறங்கியது. "ஊர்ஹோ எழுதினது வந்தப்புறம்தான் பஸ் நேரம் கேக்க மகளுக்குப் போன் போடறத விட்டேன். எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும், பய."

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு 'முடியாது' என்று எழுதிவிடப் போவதாகக் கைசு சொன்னார். மடிக்கணினியை மூடினார். "ஆறு வருஷம்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

இன்று பன் இல்லை.

நவம்பர் 20, வியாழன்

மதியம் பல் மருத்துவமனைக்குப் போனேன். கைசு நிமிராமலே, "எந்தப் பல்லு?" என்றார்.

"ஊர்ஹோ நான்தான்."

நிமிர்ந்தார். "அந்தப் பெரியவர்கிட்ட முக்கா மணி நேரம் மீன் கதை கேட்டேன்டா!" கத்திய வேகத்திலேயே முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அது உன் எழுத்து! இவ்ளோ நல்லா எழுதுவியா நீ? பேர மாத்தி ஒரு கையெழுத்து போடு, முடிஞ்சுது."

பேனாவை நீட்டினார். வாங்கினேன்.

இதற்குமேல் இன்று எழுத வரவில்லை.

நவம்பர் 29, சனி

ஒப்புதல்கள் நேற்று நூலகத்துக்குப் போயின. பத்தொன்பது பேர். ஊர்ஹோ இல்லை. ஹில்யா இருக்கிறாள்.

அன்று கைசுவிடம் உண்மையைச் சொல்லி, பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். நோட்டே, உன்னிடமும் பொய்தான் சொன்னேன். அந்தப் பகுதி ஹில்யா பள்ளிப் பாடத்துக்கு எழுதியது. பார்த்துவிட்டுத் தா என்று கொடுத்தாள். என் பெயரில் போட்டால் கண்டுபிடித்துவிடுவாளே என்றுதான் ஊர்ஹோ பிறந்தான். குறும்பு என்பதெல்லாம் பிறகு பூசிய சாயம். நானே அதை நம்பியும் விட்டேன்.

அவளுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு நாள் கழித்துக் கையெழுத்து வந்தது, கூடவே ஒரு வரி: "கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா, கழுதை."

கைசு இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை வரலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஆக, குவோவிக்கு என் மொத்தப் பங்களிப்பு: திருத்திய எழுத்துப்பிழைகள் மூன்று. அதில் ஒன்று, நான் திருத்துவதற்கு முன்புதான் சரியாக இருந்ததாம். தோர்ஸ்டி கண்டுபிடித்துவிட்டார்.