கை பட்டால்தான் கடல்

கடலைக் கண்டு வந்த என் மாமாவுக்கு,

கடல் நீலமாம், மாமா. பச்சை என்று அக்கா தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தீர்களே, அது பொய்யாகிவிட்டது. அக்கா தலை பத்திரமாகத்தான் இருக்கிறது. போனது நீங்கள்தான்.

பஞ்சாயத்து டிவி ரூமுக்குக் கலர் டிவி வந்திருக்கிறது. நேற்று சோதித்துப் பார்க்கப் போட்டார்கள். என்ன நிகழ்ச்சியோ தெரியவில்லை, திரை முழுக்கக் கடல். நான் பார்த்தேன். எங்கிருந்து பார்த்தேன் என்று கேட்க மாட்டீர்கள், உங்களுக்குத் தெரியும். ஜன்னலிலிருந்து. மூன்று வருடமாகப் பூட்டிக்கிடந்த ரூமைத் திறந்து சுண்ணாம்பு அடித்து ஃபேன் மாட்டியிருக்கிறார்கள். ஜன்னல் கம்பிக்குக்கூடப் புது பெயின்ட். காலனிக்காரன் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கையில் துரு ஒட்டக்கூடாது என்று அவ்வளவு அக்கறை.

உங்களுக்கு இப்போது விலாசம் கிடையாது. அதனால் இதை எல்லாரும் படிக்கிற இடத்தில் போடுகிறேன். பஞ்சாயத்துத் தலைவர் படித்தால் இன்னும் நல்லது.

உங்களைத் தெரியாதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் அக்கா புருஷன் நாமக்கல் லாரி டிரைவர். பம்பாய், மங்களூர், கொச்சி என்று ஓட்டியவர். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் ஊர்க்காரர், காலனிக்காரர் எல்லாரையும் சேர்த்துக் கடலை நேரில் பார்த்த ஒரே ஆள். போன தை மாதம் கேரளச் செக்போஸ்ட் வரிசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சாய்வதற்கு முன்னால் ஹேண்ட் பிரேக் போட்டாராம், கிளீனர் வந்து சொன்னான். சரக்கு சேதமில்லை என்று முதலாளிக்கு ரொம்ப நிம்மதி.

மாமா, அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா?

மழை பொய்த்த வருடம். கிணற்றில் கயிறு எட்டவில்லை, போர் போட்டால் புழுதி பறந்தது. செய்வதற்கு வேலை இல்லாததால் ஊரே மத்தியானம் டிவி ரூமில் கிடந்தது. டிவி அரசாங்கத்தினுடையது. கட்டடமும் கரண்டும்கூட அரசாங்கத்தினுடையவைதான். ஆனாலும் பெஞ்சும் ஜமுக்காளமும் ஊர்க்காரர்களுக்கு, ஜன்னல் காலனிக்கு. இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் கிழித்திருக்கலாம்.

அன்று ஏதோ விளையாட்டு போட்டார்கள். கறுப்பு வெள்ளைத் திரையில் மலை உயரத்துக்குத் தண்ணீர் எழுந்து வந்தது. அதன் மேல் ஒருவன் பலகையில் நின்றுகொண்டு சறுக்கினான். உள்ளே ஒரே கூச்சல்.

"எந்த டேமைத் தொறந்து உட்டுருக்கறானுக?"

"பரம்பு ஓட்டறானப்பா! பாரு, பரம்புப் பலகை மேல நிக்கறாப்லயே நிக்கறான்."

"மாடு எங்கடா?"

நியாயமான கேள்வி. உழுத சேற்றைச் சமன்படுத்தப் பரம்பு ஓட்டும்போது முன்னால் மாடு இழுக்கும், பலகை மேல் ஆள் நிற்பான். எங்கள் ஊரில் பலகை மேல் நிற்கிற ஆள் எப்போதும் காலனி ஆள். அப்படி நின்று பழகியவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே இருந்தோம். வயல் வரப்பில் குடை பிடித்து நிற்கிறவர்கள் உள்ளே உட்கார்ந்து மாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "டேய் லாரிக்காரா, நீ கடலைப் பாத்தவனாச்சே. இது என்னடா எளவு?"

நீங்கள் கண்ணைச் சுருக்கி, கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினீர்கள். உங்கள் கண் இரவில் இரண்டு மைல் தூரத்து மைல்கல்லைப் படிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இங்கிருந்து பாத்தா ஒண்ணும் வெளங்கலீங்க சாமி. கம்பி மறைக்குதுங்க."

"அப்ப உள்ள வந்து பாத்துச் சொல்லித் தொலை!"

அடுத்த அலை வந்துகொண்டிருந்ததால் தலைவர் என்ன சொன்னார் என்று தலைவரே கவனிக்கவில்லை. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் பெஞ்சின் ஓரத்தில், அரை உட்காரலாக உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். நாற்பது வருடச் சுதந்திரத்தில் நடக்காதது ஓர் அலை வருவதற்குள் நடந்துவிட்டது.

அப்புறம் ஆரம்பித்தீர்களே ஒரு வர்ணனை!

"இது பல தேசத்து டீமுக வந்து மோதற போட்டிங்க. அலைதானுங்க மாடு. பலகைக்காரன் கீழ உழுந்தா அவன் தேசத்துக்குப் பத்து மார்க் குறைச்சல். மூணு தடவ உழுந்தா கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிச்சிருவாங்க."

"அந்தக் கோடு போட்ட டவுசர் எந்த ஊருடா?"

"அது ஜெர்மனிங்க. டயர்லயே கோடு போடறவனுக, டவுசர்ல போட மாட்டானுங்களா?"

டிவியில் இங்கிலீஷ் ஒரு பக்கம் ஓடியது, உங்கள் புளுகு மறுபக்கம். தலைவர் மீசை வைத்த ஒருவனைப் பார்த்துவிட்டு, தன் சகலையைப் போலவே இருக்கிறான் என்று அந்த டீமுக்குக் கட்சி கட்டினார். தலைவருக்கு ஆகாதவர்கள் எல்லாரும் ஜெர்மனி. தண்ணீர் இல்லாத ஊரில் கடலுக்காக இரண்டு கோஷ்டி.

அந்த நேரம்தான் ஒருவன் அலையிலிருந்து இறங்கி, மணலில் மூச்சு வாங்க ஓடிவந்து, காத்திருந்த இன்னொருவன் உள்ளங்கையில் ஓங்கி ஒன்று வைத்தான். உடனே அந்த இன்னொருவன் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தான்.

"எதுக்குடா கையில அடிக்கறான்?" என்றார் தலைவர்.

"அதானுங்க ரூலு. போயிட்டு வந்தவன் கையத் தொட்டாத்தான் அடுத்தவன் தண்ணியில எறங்கலாமுங்க. தொடாம எறங்குனா டீமே அவுட்டுங்க."

ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார். "தொடறவன் வேற ஆளா இருந்தா?"

"நீங்களே பாருங்க. ஒருத்தன் கறுப்பு, ஒருத்தன் வெள்ளை." அந்த ஒரு விஷயத்தைக் காட்டுவதற்கு அந்த டிவிக்குக் கலர் தேவைப்படவில்லை.

தலைவர் முகம் சுண்டிவிட்டது. "புளுகறான். வேணும்னே நம்மளுக்குக் குத்திக் காட்டறான். தொட்டாத்தான் தண்ணியில எறங்கோணுமாம்! எங்கியாச்சும் உண்டா?" எழுந்து நின்றார். "வார ஞாயித்துக்கெழம மிச்சப் போட்டி போடறாங்களாம். என்ற பையன் காலேஜ்ல இருந்து வாரான், இங்கிலீசு கேட்டுச் சொல்லட்டும். நீ சொன்னது பொய்யின்னா உனக்கு மட்டுமில்ல, உங்க காலனிக்கே ஜன்னலைச் சாத்திருவேன்."

அந்த வாரம் காலனியில் உங்களை யாரும் சும்மா விடவில்லை. ஜன்னல் என்ன பெரிய சொத்தா என்று நான் மட்டும் கத்தினேன். வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கு வேறு வழி என்ன என்று எல்லாரும் என்னைத் திருப்பிக் கேட்டார்கள். அக்கா சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒரு மனுசனுக்கு வாயி இருக்கலாம். வாயி மட்டுமே இருக்கப்படாது."

நான் தனியாகக் கேட்டேன். "நெசமாச் சொல்லுங்க மாமா, எத்தனை புளுகு?"

"எல்லாமே புளுகுதாண்டா மச்சினா. ஜெர்மனிக்காரன் வந்தானா வரலையான்னே தெரியாது. அந்தக் கையடிக்கறது மட்டும் நெசம். அதுக்கு எதுக்குடா இங்கிலீசு? கண்ணு போதாதா?"

அடுத்த ஞாயிறு, தலைவரின் பையன் முன்னால் நாற்காலியில். கண்ணாடி, கையில் வாட்ச், கால் மேல் கால். நீங்கள் அதே பெஞ்சின் அதே ஓரத்தில். ஜன்னலில் காலனி மொத்தமும், ஒருவர் தோளில் ஒருவர். கரண்ட் வந்தது, போனது, மறுபடி வந்தது. யாரோ கூரை மேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பினார்கள். கடல் வந்தது.

"ஜெர்மனியே இல்லீங்கப்பா" என்றான் பையன்.

ஜெர்மனிக் கோஷ்டி தலை குனிந்தது. நீங்கள் ஒரு சாண் நகர்ந்தீர்கள்.

"உழுந்தா மார்க்கெல்லாம் குறையாதுங்கப்பா. எப்படி நின்னு எப்படித் திரும்பறான்னு பாத்து மார்க் போடறாங்க. கப்பல்ல அனுப்பறதும் பொய்யிங்க."

ஒவ்வொரு பொய்க்கும் ஒரு சிரிப்பு, ஒவ்வொரு சிரிப்புக்கும் நீங்கள் ஒரு சாண். இன்னும் ஒரு பொய் பிடிபட்டால் தரையில் இருந்திருப்பீர்கள்.

"அந்தத் தொடற ரூலு?" என்றார் தலைவர்.

பையன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி போட்டான். நல்ல பையன்தான் மாமா. படித்தவனுக்குப் பொய் சொல்லத் தெரியும், ஆனால் அத்தனை பேர் முன்னால் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தை டிவி அவனுக்குக் கொடுக்கவில்லை. திரையில் ஒருவன் அவசரத்தில் கையைத் தொடாமலே தண்ணீருக்குள் ஓடிவிட்டான். கரையில் அவன் ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்கள். இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து அவன் திரும்பி ஓடிவந்து, கையை நீட்டி, அடி வாங்கிக்கொண்டு போனான்.

"அது... நெசந்தானுங்கப்பா" என்றான் பையன்.

ஜன்னலில் நாங்கள் போட்ட விசிலில் டிவியின் சத்தமே கேட்கவில்லை. ஆனால் உள்ளே யாருக்கும் கோபப்பட நேரமில்லை. கடைசி அலை வந்துவிட்டது. தலைவரின் சகலை மாதிரி இருந்த மீசைக்காரன் அதில் ஏறி, குனிந்து, நிமிர்ந்து, நுரைக்குள் காணாமல் போய், அந்தப் பக்கம் நின்றபடியே வெளியே வந்தான். அவன் டீம் ஜெயித்தது. ரூமே எழுந்து குதித்தது. தலைவரும் குதித்தார். குதித்த வேகத்தில் பக்கத்தில் நீட்டியிருந்த ஒரு கையில் பட்டென்று ஓங்கி அடித்தார்.

உங்கள் கை. நீங்கள் ஏன் அதை நீட்டி வைத்திருந்தீர்கள் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா?

தலைவர் தன் கையைப் பார்த்தார். எல்லாரும் தலைவர் கையைப் பார்த்தார்கள். நீங்கள் மிகவும் பணிவாகச் சொன்னீர்கள்:

"இனி நீங்க எறங்கலாமுங்க, சாமி."

மாமா, நான் சாகும்வரை இதை நினைத்துச் சிரிப்பேன். தலைவர் வெளியே வந்து, கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருக்குழாயைத் திறந்தார். காற்று வந்தது. அடிபம்புக்குப் போனார். அது கிறீச்சிட்டது. பஞ்சாயத்துத் தலைவர் ஆட்சியில் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கை கழுவத் தண்ணீர் இல்லை. அந்தக் கையைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டே தெரு முழுக்க நடந்து வீட்டுக்குப் போனார்.

அவர் போன பிறகு நீங்கள் ஜன்னலுக்கு வந்தீர்கள். கம்பி வழியாகக் கையை விட்டு என் உள்ளங்கையில் ஓர் அடி வைத்தீர்கள். "நான் போயிட்டு வந்தாச்சு. அடுத்து நீ எறங்கோணும்டா மச்சினா."

மறுநாள் ரூமில் பெரிய பூட்டு. டிவி ரிப்பேர் என்றார்கள். மூன்று வருடம் ரிப்பேர். உள்ளே எலி குட்டி போட்டது. ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு டிவி வாங்கினார்கள். வசதியில்லாத ஊர்க்காரர்கள் தலைவரைத் திட்டிக்கொண்டு வெறுமனே இருந்தார்கள். எங்களோடு உட்காருவதைவிட எதையுமே பார்க்காமல் இருப்பது மேல் என்று ஓர் ஊரே மூன்று வருடம் இருந்திருக்கிறது, மாமா. இதற்குச் சிரிப்பதா, கல்லெடுப்பதா? நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு இன்னும் கல்தான் தோன்றுகிறது.

தலைவர் இப்போதும் அவர்தான். பையன் சேலத்தில் வேலையில் இருக்கிறான். உங்கள் சாவுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தான், காலனி எல்லையில் நிறுத்தாமல் வாசல் வரைக்கும் வந்தான். என் கையை மட்டும் பிடித்துவிட்டுப் போனான். அன்று அதற்கு எனக்குக் கோபம் வந்தது. இன்று அவ்வளவு இல்லை.

அக்கா நன்றாக இருக்கிறாள். நஷ்டஈட்டுக்காக லாரி ஆபீசுக்கு அலைகிறாள், அங்கும் ஜன்னல்தான். உங்கள் மகள் கடல் நிஜமாகவே நீலமா என்று கேட்கிறாள். அப்பா கண்ட கடல் பச்சை, டிவியில் வருகிற கடல் நீலம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. கலர் டிவியைத் தலைவர் திறந்து வைக்கிறார். அன்றைக்கு நீங்கள் என் கையில் அடித்த பிறகு எனக்குத்தான் முறை. கதவு பூட்டியிருந்ததால் நான் கரையிலேயே நிற்கிறேன். இனி நிற்கப் போவதில்லை. கம்பி மறைக்கிறது என்று உங்களைப் போல நயமாகச் சொல்ல எனக்கு வராது. செருப்போடு போவேன், கதவு வழியாகப் போவேன், பெஞ்சின் நடுவில் முழு உட்காரலாக உட்காருவேன். உதைப்பார்களோ, அந்தப் புது டிவிக்கும் மூன்று வருட ரிப்பேர் வருமோ, பார்த்துக்கொள்ளலாம். நிகழ்ச்சி முடிந்ததும் ஜன்னலுக்கு வந்து, தொங்கிக்கொண்டு நிற்கிற உங்கள் மகள் கையில் ஓங்கி ஓர் அடி வைப்பேன். இது சத்தியம். யார் தலையிலும் கைவைக்கவில்லை.

உங்கள் கை பட்ட,
மச்சினன்